ஓட்டை போட்டதோடு வேலை முடிவதில்லை

எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது சொந்தமாக அம்ப்ளிபயர் செய்கிறார்கள். சிலர் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக, சிலர் வீட்டில் நானாமாரோடு சேர்ந்து. சந்தோசமான விசயம். ஆனால் கொண்டுவந்து காட்டும்போது நான் முதலில் பார்ப்பது முன்பக்கப் பெயின்டை அல்ல. மூடியைக் கழற்றி, ஓட்டைகளின் உட்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

தகட்டில் ட்ரில் பண்ணும்போது, பிட் வெளியேறும் பக்கத்தில் உலோகம் முழுதாக வெட்டுப்படாமல் தள்ளுப்பட்டு, விளிம்பில் கூராக நிற்கும். அதுதான் பிசிர். பிட் மொட்டையாக இருந்தால் இன்னும் கூடும். வெளியிலிருந்து துளைப்பதால் பிசிர் உள்ளே நிற்கும்; வெளியே தெரியாது.

இதில் மிகவும் ஆபத்தான இடம் பவர் வயர் நுழையும் ஓட்டை. அந்த வயரில் வருவது 230 வோல்ட். பெட்டியைத் தூக்கி வைக்கும்போதும், சத்தத்தில் அது அதிரும்போதும் வயர் பிசிரில் உரசும். மேலுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டு, ஒரு நாள் உள்ளே இருக்கும் செம்பு தகட்டில் முட்டும். எர்த் சரியாகக் கொடுத்திருந்தால் பியூஸ் எரியும், அல்லது ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் முழுப் பெட்டியிலும் கரண்ட் நிற்கும். அடுத்து அதைத் தொடுவது வீட்டில் உள்ள ஒரு சின்னப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது இடம் பவர் ட்ரான்சிஸ்டர் பூட்டும் இடம். 2என்3055 போன்றவற்றின் உலோகப் பொடிதான் கலெக்டர். அதைத் தகட்டிலிருந்து பிரித்து வைப்பது மெல்லிய மைக்காத் தாள் ஒன்று மட்டும். சின்னப் பிசிர் ஒன்று போதும், மைக்காவைக் குத்திக்கொண்டு போய் ஷோட் ஆக்கிவிடும். "புது ட்ரான்சிஸ்டர் போட்டும் பியூஸ் போகுது சேர்" என்று வரும் பெட்டிகளில் இதையும் பாருங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சர்க்கிட்டைப் பூட்டுவதற்கு முன்பே எல்லா ஓட்டையும் போட்டு முடியுங்கள். தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்பில் இறுக்கி, பின்னால் பலகைத் துண்டு வையுங்கள், பிசிர் குறையும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிறகு 6 மி.மீ. ஓட்டை என்றால் 12 மி.மீ. பிட்டைக் கையில் எடுத்து, இரண்டு பக்கமும் மெதுவாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். அதிகமாகத் தோண்டினால் மெல்லிய தகட்டின் விளிம்பு மறுபடியும் கத்தி போலாகிவிடும். பெரிய ஓட்டைகளுக்கு உருண்டை அரம் போட்டு, கடைசியில் எமரி பேப்பர். துகளை வாயால் ஊதாமல் பிரஷ்ஷால் தட்டுங்கள். பவர் வயர் ஓட்டைக்கு றப்பர் வளையமும், உள்ளே வயரை இறுக்கும் கிளிப்பும் கட்டாயம். றப்பர் போடுகிறோமே என்று பிசிரை விட்டுவிடக் கூடாது. அது றப்பரையும் வெட்டும்.

"உள்ளுக்குத்தானே சேர், யார் பார்க்கப் போறாங்க?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நாளைக்குப் பழுதுபார்க்கத் திறப்பவர் கையை உள்ளேதான் விடுவார். அவருடைய விரல் வெட்டுப்படுவதும் அங்கேதான்.

வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளை செய்ததைப் பாராட்டுங்கள். பிளக்கில் போடுவதற்கு முன்னால் மூடியைத் திறக்கச் சொல்லி, கொஞ்சம் பஞ்சை எடுத்து ஓட்டையின் விளிம்பில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலால் வேண்டாம். பஞ்சு சிக்கினால் அரம் இன்னும் கீழே வைக்கும் நேரம் வரவில்லை.