கேட்போர் என்னும் உறுப்பு

தொல்காப்பியர் செய்யுளுக்கு எண்ணிக் கூறும் உறுப்புகளுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று. தலைவியின் கூற்றைத் தோழி கேட்பதும் பாங்கன் கேட்பதும் ஒன்றாகா என்பதே அங்குக் கருத்து. பாட்டுக்கு வெளியே அமர்ந்து கேட்கும் நம்மைப் போன்றோரை அவர் எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் முதுகலை மாணவர்க்கு அந்த நூற்பாவை விளக்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது சங்கப் பாடல் எதுவுமன்று. 1984 ஜூன் 4 அன்று வெளியான ஓர் அமெரிக்க ராக் இசைத்தொகுப்பு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' வகுப்பில் இதைச் சொல்வதில்லை. தமிழ்த்துறையில் சில செய்திகளை வாயிற்படியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு பாடல்கள். அவற்றுள் ஏழு, அமெரிக்கப் பாடல் வரிசையில் முதற்பத்து இடங்களுக்குள் வந்தன. அந்நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற தொகுப்பு இது. இத்தனை பேர் கேட்ட ஒன்றைப் பற்றி இத்தனை பேர் ஒருவரோடொருவர் முரண்பட்டதும் அரிது.

முதற்பாடலில் பேசுபவன் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவன். உள்ளூரில் ஏதோ சிக்கலில் மாட்டிய இளைஞனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலையில்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருப்பவரும் கையை விரிக்கிறார். கே சான் போர்முனையில் அவன் சகோதரன் மாண்டுபோனான். பத்தாண்டு கழித்தும் போக்கிடம் இல்லை. இவையெல்லாம் சரணங்கள். பல்லவியோ, தான் அந்நாட்டில் பிறந்தவன் என்பதை மட்டும் தொண்டை கிழியக் கூவுகிறது. சரணத்தைக் கேட்டவர் ஒரு பாட்டைக் கேட்டார். பல்லவியைக் கேட்டவர் வேறொன்றைக் கேட்டார்.

1984 செப்டம்பரில் ஜார்ஜ் வில் என்னும் பழமைவாதப் பத்தி எழுத்தாளர், நிகழ்ச்சி ஒன்றுக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சென்று வந்து, இவர் புலம்புபவரல்லர், நாட்டின் மீது நம்பிக்கையூட்டுபவர் என்ற பொருள்பட எழுதினார். (காதில் பஞ்சு என்பது நம் கற்பனையன்று, அவரே எழுதியது.) அதே மாதம் 19ஆம் நாள், நியூ ஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் தேர்தல் உரையாற்றிய அதிபர் ரீகன், அமெரிக்காவின் எதிர்காலம் ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்கள் தரும் நம்பிக்கையில் இருக்கிறது என்று புகழ்ந்தார். சில நாள்களில் பிட்ஸ்பர்க் மேடையில் நின்ற பாடகர், அதிபருக்குத் தம் தொகுப்புகளில் எது பிடித்திருக்கும் என்று வியந்தார். 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்றார். பிறகு, வேலையிழந்து கொலைகாரனாகும் கார் ஆலைத் தொழிலாளி ஒருவனைப் பற்றிய பாடலைப் பாடினார்.

இந்தக் கதை இன்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிறகு நிகழ்ந்ததுதான் நமக்கு உவப்பில்லாதது. ரீகன் தவறாகக் கேட்டார், கொடியசைத்தவர்கள் எல்லாரும் மூடர்கள், நாம் மட்டும் சரியாகக் கேட்டோம் என்று கூறும் ஒரு கூட்டம் உருவாயிற்று. நாற்பதாண்டுகளாக அதே தொனி. அவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பல்லவியை அப்படி அமைத்தது யார்?

பாட்டு முழுவதும் இரண்டே கார்டுகள். ராய் பிட்டனின் சிந்தசைசர் ஒரு சிறு சுரக்கோவையை விடாது திருப்பிச் சொல்ல, மேக்ஸ் வெயின்பெர்க்கின் டிரம்ஸ் வெடிபோல் விழுகிறது. வெற்றி ஊர்வலத்துக்கு உரிய ஒலி அது. அந்த ஒலிக்குள் தோற்றவன் ஒருவனை நிறுத்தியது பாடகரின் தெரிவு, கேட்பவரின் பிழையன்று. மேலட்டையிலும் கொடியின் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கு முன் முதுகைக் காட்டி நிற்கிறார். அவர் கொடியின் மீது சிறுநீர் கழிக்கிறார் என்று கண்டவர்களும் உண்டு! அப்படியில்லை என்று அவர் பேட்டியில் விளக்க வேண்டியிருந்தது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டு (95) நம் வாசகர்க்குத் தெரிந்ததே. உன் படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன. அவன் படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. சொல் புகழ்ச்சி, பொருள் இகழ்ச்சி. அதைத் தொண்டைமான் எவ்வாறு கேட்டான் என்பது பாட்டில் இல்லை. மகிழ்ந்து பரிசில் கொடுத்து அனுப்பியிருந்தால், அவனை மூடன் என்போமா, ஔவையாரின் திறம் என்போமா? ஆனால் ஸ்பிரிங்ஸ்டீன் செய்தது இன்னும் சிக்கலானது. ஔவையாருக்குத் தொண்டைமானின் படைச்சாலை மீது பற்றில்லை. இவருக்கோ அந்த நாட்டின் மீது உண்மையிலேயே பற்றிருக்கிறது. ஆகவே பல்லவியை வெறும் வஞ்சப்புகழ்ச்சி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நான் இங்குப் பிறந்தவன், எனக்கு இங்கு உரிமையுண்டு என்பதும் அந்தக் கூவலில் இருக்கிறது. கொடியசைத்தவர்கள் பாதிப் பாட்டைக் கேட்டார்கள். அவர்களை எள்ளி நகையாடுபவர்கள் மறுபாதியைக் கேட்டார்கள்.

வேறு வகையான மனக்குறையும் உண்டு. 1982இல் வந்த 'நெப்ராஸ்கா', ஒற்றைக் கிட்டாரோடு வீட்டிலேயே நான்கு தடக் கேசட் கருவியில் பதிவானது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட ரசிகர்களுக்கு இந்தச் சிந்தசைசர் முழக்கம் விலைபோனதாகத் தோன்றிற்று. மேலாளர் ஜான் லேண்டோ, தனிப்பாடலாக வெளியிடத்தக்க ஒன்று வேண்டும் என்று வற்புறுத்த, சினந்துகொண்டு ஒரே இரவில் எழுதிய 'டான்சிங் இன் த டார்க்' வரிசையில் இரண்டாம் இடம்வரை சென்றது. அவர்களின் குறையை அது உறுதிப்படுத்திற்று. நமக்கு அப்பாடல் பிடிக்கும். துள்ளும் தாளத்தின் மேல் ஒருவன் தன்னையே வெறுத்துப் பேசிக்கொண்டிருக்கிறான்; அதற்கு ஆடுகிறார்கள். முதற்பாடலும் முதலில் 'நெப்ராஸ்கா' காலத்தில், தனிக் கிட்டாரில், இருண்ட குரலில் பதிவானதே. அந்தப் பதிவு 1998இல் வெளிவந்தபோது, இதுவே உண்மையான வடிவம் என்றனர் பலர். அதில் எவரும் எதையும் தவறாகக் கேட்க முடியாது. துயரம் துயரமாகவே ஒலிக்கிறது. அதனாலேயே நமக்கு அது இரண்டாம் தரமாகப் படுகிறது. தொகுப்பு முழுவதும் தமக்கு நிறைவளித்ததில்லை என்று பாடகரே பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார். ஆக்கியோனும் கேட்போருள் ஒருவன்தானே.

எழுதப்பட்ட மதிப்புரைகளைவிட நமக்கு மதிப்பு மிக்க மறுமொழி, சீச் மாரின் 1985இல் வெளியிட்ட கேலிப்பாட்டு. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த மெக்சிக வம்சாவளிக்காரன் ஒருவனை, கையில் அடையாளச் சீட்டு இல்லாததால் மெக்சிகோவுக்கு நாடுகடத்திவிடுகிறார்கள். பிறந்த ஊரைக் கூவிச் சொல்லியும் பயனில்லை. 1987இல் அது திரைப்படமும் ஆயிற்று. மூலப்பாட்டின் பல்லவியை இவ்வளவு கூர்மையாகக் கேட்ட திறனாய்வாளர் எவருமிலர்.

1988 ஜூலை 19 அன்று கிழக்கு பெர்லினின் வெய்சென்சேயில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்பாட்டைச் சேர்ந்து பாடினர். பொதுவுடைமை அரசின் இளைஞர் அமைப்பு ஏற்பாடு செய்த நிகழ்ச்சி அது. கூட்டத்தில் கையால் தைத்த அமெரிக்கக் கொடிகள் அசைந்தன. மறு ஆண்டு சுவர் விழுந்ததை இந்நிகழ்ச்சியோடு முடிச்சுப்போடுவோர் உளர். அது மிகை என்பது நம் எண்ணம். ஆனால் அங்கிருந்தவர்களுக்கு அந்தப் பல்லவி என்னவாக ஒலித்திருக்கும்? தம்மைப் பற்றி ஒரு சொல்லும் உண்மையில்லாத வரியை அத்தனை பேர் உரக்கப் பாடுவதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்தானே.

இங்கிலாந்தின் லூட்டன் நகரில், கார் ஆலையில் வேலையிழந்த பாகிஸ்தானியத் தந்தைக்கு மகனாக வளர்ந்த சர்ஃப்ராஸ் மன்சூர், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்கள் தம்மை வளர்த்த விதத்தை 2007இல் நூலாக எழுதினார். அதைத் தழுவி 2019இல் குரிந்தர் சட்டா எடுத்த படத்தை நண்பர்கள் மிகையுணர்ச்சி என்றனர். நம்மால் அவ்வாறு தள்ள முடியவில்லை. காரணம் தொகுப்பின் கடைசிப் பாடல்.

'மை ஹோம்டவுன்' இரைச்சலற்ற பாட்டு. எட்டு வயதுச் சிறுவனைத் தந்தை மடியில் அமர்த்திக் காரோட்டியபடியே, சுற்றிப் பார், இது உன் ஊர் என்கிறார். பிறகு ஊரில் இனப் பூசல் வருகிறது, கடைகள் அடைபடுகின்றன, தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த துணி ஆலையை மூடுகிறார்கள். முப்பத்தைந்து வயதான அவனும் மனைவியும் ஊரைவிட்டுத் தெற்கே போய்விடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் தன் மகனை மடியில் அமர்த்தி அதையே சொல்கிறான்.

நம் தந்தை கோவையில் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார். 1990களில் ஆலை மூடப்பட்டது. பாக்கி வரும் வரும் என்று நெடுநாள் சொன்னார்கள். விடுதி நண்பன் தந்த கேசட்டை விடுமுறையில் வீட்டில் ஓடவிட்டபோது, இது என்ன பாட்டு என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வரிவரியாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஆலை மூடும் இடத்தில் அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்திருந்தோம், மாறவில்லை. "அதெல்லாம் எந்த ஊர்லயும் அப்படித்தான் கண்ணு" என்றார். முடிவைச் சொன்னதும்தான் நிமிர்ந்தார்.

"ஊர விட்டுப் போறவன் எதுக்குப் பையன மடில உக்கார வெச்சு ஊரக் காட்டறான்?"

போவதற்கு முன் ஒருமுறை காட்டுகிறான், பையன் நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று, என்றோம். விடுதியில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பொருள் கொண்டிருந்தோம்; அமெரிக்க மதிப்புரைகள் சிலவும் அப்படித்தான் சொல்லின. அப்பா ஒப்பவில்லை. "போறவன் மூட்டையக் கட்டுவான். காட்டிட்டு உக்காந்திருக்க மாட்டான்" என்றார்.

பாட்டில் விடையில்லை. போகலாமா என்ற பேச்சு இருக்கிறது, போனதாக ஒரு சொல்லுமில்லை. அந்த ஆலை மூடிய பிறகு திருப்பூருக்குப் போகலாம், அங்குப் பனியன் கம்பெனிகளில் ஆள் எடுக்கிறார்கள் என்று வீட்டில் ஈராண்டு பேசிக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போனார். நாங்கள் வீடு மாறவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பாடகர் எவ்வளவோ பொருள் ஈட்டிய பிறகும் தாம் வளர்ந்த ஃப்ரீஹோல்டிலிருந்து சில மைல் தொலைவில்தான் குடியிருக்கிறார் என்று படித்து, அப்பாவிடம் சொன்னோம். அவருக்கு அந்தப் பாட்டு நினைவிருந்தது.

"பின்ன?" என்றார்.