பசுவும் 5 எம்பியும்

சானடோரியம் ரயில் நிலையத்தை அடுத்த எங்கள் வீட்டில் சென்ற கோடையில் ஒரு பல்லாங்குழி உருவாயிற்று. மரத்தில் அன்று, கணினித் திரையில். 'நாங்கள்' என்பது கணினி அறிவியல் படிக்கும் மகளையும், தமிழ் கற்பிக்கும் அவள் தகப்பனையும் சேர்த்து. பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. வெறுங்குழியில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நான்கானால் அது 'பசு'. ஆட்ட முறையைச் சொல்லித் தந்தவர் பாட்டி. ஆடியபடியே அவர் பேசியதை ஒன்பது நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தோம். விளையாட்டு முழுமை பெறுமுன் அவர் காலமாகிவிட்டார்.

மாணவர்களுக்கான போட்டி ஒன்றுக்கு அதை அனுப்ப எண்ணினோம். கோப்பு 5 எம்பிக்கு மேற்படலாகாது என்று விதி. எங்களுடையது 120 எம்பி.

தமிழாசிரிய புத்தி முதலில் சொற்களின்மீதே சந்தேகம் கொண்டது. யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் 'க' என்பதற்கு 3, 'கொ' என்பதற்கு 6. இந்த ஓரவஞ்சனை குறித்து வீட்டில் ஒரு சிறு சொற்பொழிவும் நிகழ்ந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் விளையாட்டிலுள்ள தமிழ் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. சந்திப்பிழை பார்த்துப் பார்த்துத் திருத்திய குறிப்புகளுக்கு எடையே இல்லை!

பலகையின் புகைப்படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள் இருந்தன. 800க்கு 600 ஆகச் சுருக்கியதும் இருபத்தைந்தில் ஒரு பங்காயிற்று. அதற்காக யாரும் வருந்தவில்லை.

மீதி எடையெல்லாம் குரல். சுருக்கப்படாத ஒலிக்கோப்பில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட், அதுவும் இரண்டு தடங்களில்; ஒன்பது நிமிடத்துக்கு 95 எம்பி. இரு தடத்திலும் ஒரே குரல்தான் என்பதால் ஒன்றை நீக்கினோம். பிறகு, செவி எளிதில் கவனிக்காதவற்றைக் கழித்துச் சேமிக்கும் வடிவத்துக்கு மாற்றினோம். 4.3 எம்பி. படங்களோடு சேர்த்தால் இன்னும் சற்றே அதிகம். பேச்சில்லாத இடங்களை ஒரு மென்பொருளைக் கொண்டு வெட்டினாள் மகள். அளவு சரியாயிற்று.

போட்டுக் கேட்டோம். பாட்டி மூச்சுவிடாமல் பேசினார். அடுத்த குழிக்குக் கை போகும் தயக்கம், கொட்டைகள் விழும் ஓசை, பேச்சை நிறுத்தவைத்துக் கடந்துசென்ற மின்சார ரயில், எதுவும் இல்லை. 'பசு' என்று சொல்லுமுன் அவர் ஒரு கணம் நிறுத்துவார், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க. அதுவும் போயிற்று.

ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டுவதில்லை. அதுவும் ஒருவகைக் கழித்தல்தான். மொழி அறிந்தவர் வாசிக்கும்போதே நிரப்பிக்கொண்டார்; நிரப்ப இயலாத இடங்களுக்காகவே உ.வே.சா. பல பிரதிகளை ஒப்புநோக்கி உழைத்தார். பாட்டி எங்கே நிறுத்துவார் என்பதை அவரை அறியாதவர் எதைக் கொண்டு நிரப்புவார்?

மூலப்பதிவு கைபேசியில் இருந்தது. "தரத்தைக் குறைச்சிடலாம்ப்பா, நேரத்தை விட்டுடலாம்" என்றாள் மகள். நொடிக்கு 64 கிலோபிட் என்பதை 32 ஆக்கினோம். ஒன்பது நிமிடமும் 2.2 எம்பியில் அடங்கியது. குரல் கொஞ்சம் மெலிந்து, பழைய தொலைபேசியில் கேட்பது போலிருக்கிறது. சகரம் தேய்ந்து, 'பசு' சில நேரம் 'பகு' என்று கேட்கிறது. ரயில் மட்டும் நன்றாகவே போகிறது.