ஷிம் தகடும் வால்பாறை ரோடும்

கோவை கணபதியில், பம்ப் செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் லேத் பட்டறைகளுக்கு நடுவே, பெயர்ப் பலகை இல்லாத ஒரு நீளக் கூடம். மஞ்சள், நீலம், கறுப்பு என ஷாக் அப்சர்பர்கள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. ராலி கார், டிராக் கார், யாரோ ஆசையாக வைத்திருக்கும் அம்பாசிடர் என எல்லாவற்றின் ஷாக்கும் இங்கே பிரிபடுகிறது. நான் போனது நண்பரின் போர்ஷே கேமனோடு. 987 என்று குறிக்கப்படும் தலைமுறை. எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், நான்கு சக்கரத்திலும் ஸ்ட்ரட்; அதாவது ஷாக்கே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தூண். அவர் தினமும் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போவதும் அதில்தான், ஞாயிற்றுக்கிழமை வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி ஏறுவதும் அதில்தான். ஷாக் நான்கும் தேய்ந்துவிட்டன. என்ன மாற்றுவது என்று கேட்கத்தான் வந்தோம். ஆனால் நண்பர் பதிலையும் கையோடு கொண்டுவந்திருந்தார்: உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் ஜோடியான காயில் ஓவர் போட்டு, வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கிவிட வேண்டும்.

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். ரேஸ் கார் கட்டிய கரிவரதன் காலத்தில் ஃபார்முலா மாருதி கார்களுக்கு ஸ்பேனர் பிடித்தவர். எல்லாருக்கும் அவர் ‘மேஸ்திரி’. நண்பர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், பதில் இல்லை. நான் வழக்கம்போல பானட்டை அமுக்கி விட்டுப் பார்த்தேன். “அதெல்லாம் சும்மாங்க. கையில அமுக்குனா வால்வு என்ன பண்ணுதுன்னு தெரியாது” என்றார். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, ஷாக்கின் தூசி உறையை மேலே ஏற்றி, பளபளக்கும் ராடில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றை மாட்டி, உடம்போடு ஒட்டி நிற்கும்படி இறக்கிவைத்தார். சக்கரத்தைப் பூட்டி, “ஆபீஸ் ரூட்லயே ஒரு சுத்து போயிட்டு வாங்க” என்று அனுப்பினார்.

திரும்பி வந்தபோது டேக் ராடின் மேல்கோடியில், பம்ப் ஸ்டாப் ரப்பரை முட்டிக்கொண்டு நின்றது. கம்பெனி உயரத்திலேயே ஷாக் தன் வீச்சு முழுவதையும் செலவழித்திருக்கிறது. “இதுல முப்பது மில்லி இறக்குனா மிச்சம் என்னங்க இருக்கும்? ரப்பர் மேல உக்காந்துதான் ஊர் சுத்தோணும்.” நண்பர் ஒன்றும் பேசவில்லை.

வீச்சைத் தின்பவை நம் வேகத்தடைகள். அவற்றுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு ஒன்று உண்டு: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் நோகாமல் கடக்கலாம். நம் தெருக்களில் முக்கால்வாசித் தடைகள் அந்த ஏட்டின் பக்கமே போகாதவை. ஜெர்மன் மலைச்சாலைக்கென்று செய்த உயரக் கணக்கை இங்கே அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

இதற்குள் கூடத்தின் கோடியில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான். முன்பு மோட்டார் காயில் சுற்றும் கம்பெனியில் இருந்த அக்கா ஒருவர், வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஒற்றைக் குழாய் கொண்ட ஒரு மோனோட்யூப் ஷாக்கின் பிஸ்டனைப் பிரித்து வைத்திருந்தார். பிஸ்டனின் இரு பக்கமும் எண்ணெய் போகத் துளைகள். அந்தத் துளைகளை மூடியபடி மெல்லிய எஃகு வட்டத் தகடுகளின் அடுக்கு, அவைதான் ஷிம். எண்ணெயின் அழுத்தம் ஏறும்போது தகடு வளைந்து வழி விடுகிறது. எவ்வளவு சுலபமாக வளைகிறதோ அவ்வளவு மென்மை. ஷாக் அப்சர்பரின் சூட்சுமம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஒவ்வொரு தகட்டையும் மைக்ரோமீட்டரில் அளந்துதான் அடுக்கில் வைக்கிறார். 0.10, 0.15, 0.20 மில்லிமீட்டர் என்று தனித்தனி டப்பாக்கள். கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஆனால் வளையும் தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏறும். அதாவது 0.10 தகடு இரண்டை அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. அதே இடத்தில் 0.20 தகடு ஒன்றை வைத்தால் எட்டு மடங்கு. “டப்பா மாறிப்போச்சுன்னா வண்டியே மாறிப்போகுங்க” என்றார். ஒரு தகட்டில் முடியளவு பிசிர் இருந்தது. எண்ணெய்க் கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்து, துடைத்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். பேச்சுக் கொடுத்தால் வரிசை தப்பிவிடும் என்பதால் அடுக்கி முடியும் வரை நானும் வாயைத் திறக்கவில்லை.

முடித்த ஷாக்கை டைனோ எந்திரத்தில் மாட்டி ஆட்டினார்கள். திரையில் ஒரு கோடு ஏறியது: ராடு நகரும் வேகம் ஒரு பக்கம், தடுக்கும் விசை மறுபக்கம். மேஸ்திரி அங்கே நண்பரைக் கூப்பிட்டுக் காட்டிய விஷயம்தான் வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. வண்டி வேகம் வேறு, ராடு வேகம் வேறு. கொண்டை ஊசியில் வேகமாகத் திரும்பும்போது வண்டி சாய்கிறதே, ராடுக்கு அது மெதுவான வேலை. இருபது கிலோமீட்டரில் உடைந்த தார் விளிம்பில் இறங்கும்போதுதான் ராடு பாய்கிறது. மலையும் வேண்டும், ஊரும் வேண்டும் என்றால், கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு மடங்கிப் படுக்க வேண்டும். மெதுவில் இறுக்கம், பாய்ச்சலில் இளக்கம். “ஹார்டா சாஃப்டான்னு கேக்கறாங்க. எந்த ஸ்பீடுலன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை.”

கடையில் கிடைப்பவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் பாதி தீரும். பில்ஸ்டைன் பி6 கம்பெனி உயரத்துக்கானது. பி8 குட்டை ஸ்பிரிங்குக்காகக் குறுக்கப்பட்டது. பி16 உயரமும் இறுக்கமும் மாற்றக்கூடிய காயில் ஓவர். அதன் குமிழ் பத்துப் படி நகரும், ஆனால் அமுங்கலும் மீள்வதும் சேர்ந்தே மாறும். கேடபிள்யூ வேரியன்ட் 3 இரண்டையும் தனித்தனியே திருப்ப விடுகிறது. திருப்பத் தெரிந்தவர்களுக்கு அது வரம். மற்றவர்கள் முதல் வாரம் திருகுவார்கள், பிறகு குமிழ் இருப்பதே மறந்துபோகும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு குட்டை ஸ்பிரிங் மட்டும் போடுவது எல்லாவற்றிலும் மோசம். விறைத்த ஸ்பிரிங்கை அடக்க அந்த ஷாக்குக்குத் தெம்பிருக்காது.

ஸ்ட்ரட் வண்டிகளில் பில்ஸ்டைன் பி6, பி8 இரண்டுமே தலைகீழ் மோனோட்யூப். தடித்த குழாயே தண்டாக நின்று பக்கவாட்டுச் சுமையைத் தாங்குகிறது. சாதாரண மோனோட்யூபில் பிஸ்டன் வெளிக்குழாயின் உட்சுவரிலேயே உராய்வதால் ஒரு கல் அடித்து நசுங்கினால் ஆயுள் முடிந்தது. உள்ளே நைட்ரஜன் 20 பாருக்கு மேல் அடைபட்டிருப்பதால், காயலான் கடையில் இதைத் துளைபோட முனைவது ஆபத்து.

கடைசியில் முடிவானது பி6, பழைய ஸ்பிரிங்குகள், புது டாப் மவுன்ட். கூடவே மேஸ்திரி, 19 அங்குல வீலை 18-க்கு மாற்றச் சொன்னார். முன் டயர் 235/35-இலிருந்து 235/40 ஆகிறது. பக்கச்சுவர் 82 மில்லிமீட்டரிலிருந்து 94. “பன்னண்டு மில்லி காத்துங்க. இதைவிட மலிவான சஸ்பென்ஷன் கிடையாது.” உயரம் மாறாததில் இன்னொரு நிம்மதியும் உண்டு. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

மாட்டும் வேலையை இரண்டு பையன்கள் செய்தார்கள். கீழ்க்கை போல்ட்டுகளை லிஃப்ட்டில் வண்டி தொங்கும்போது கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே டார்க் ரெஞ்சால் முறுக்கினார்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கியபடி பூட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். அவசரக் கடைகள் விடுகிற படி இது.

வால்பாறை போய்வந்த நண்பர் கொண்டை ஊசிகளைப் புகழ்ந்தார். ஆனால் ஊருக்குள் பின்பக்கம் பள்ளத்தில் ‘டக்’கென்று அடிப்பதாகக் குறை சொன்னார். அக்கா பின் ஷாக் இரண்டையும் பிரித்து, அமுங்கும் பக்கத்தில் ஒரு 0.20 தகட்டை எடுத்து 0.15 வைத்தார். அந்தத் தகட்டளவில் விறைப்பு பாதிக்கும் கீழே போகிறது. அடி நின்றது. 30 மில்லிமீட்டர் ஆசை மட்டும் நண்பருக்கு இன்னும் நிற்கவில்லை; பத்தாவது இறக்கலாமா என்று போன வாரமும் மேஸ்திரிக்குப் போன் செய்திருக்கிறார்.