உடைப்பதற்கு முன் ஒரு படம்

எங்கள் அரியாலை வீட்டைத் திருத்துவதென்று போன வருடம் முடிவானது. அப்பாவும் தம்பியும் மேசனும் முற்றத்தில் நின்றபடி ஒரே பின்னேரத்தில் திட்டத்தைப் போட்டு முடித்தார்கள். பின்விறாந்தையையும் பழைய குசினியையும் உடைப்பது, ஹோலைப் பெருப்பிப்பது, அதன் மூலையில் மாபிள் பதித்த புதுக் குசினி ஒன்று கட்டுவது. அம்மா அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தா. அவவிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வீடு அம்மாவின் சீதனம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலேயே மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. உறுதியில் பெண்ணின் பெயர் இருக்கிறது. ஆனால் சுவரை எங்கே வைப்பது என்று பேசும்போது அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

நான் படம்பிடிக்க முறையாகப் பழகியவள் அல்ல. கனடாவிலிருந்து வந்த சித்தி தந்துவிட்டுப் போன சிறிய கமராவில் கோயில் திருவிழா, மழைவெள்ளம், பூனைக்குட்டி என்று எடுத்துப் பார்ப்பவள். வீட்டை உடைக்க முன்னர் அதைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஐந்து வயது. எங்கள் அல்பங்கள் அலுமாரிக்குள்ளேயே இருந்துவிட்டன. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. அம்மம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு இன்று எங்களிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

ஆகவே ஒரு கிழமை முழுவதும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, பின்னர் ஐங்கோண வடிவில் பெருப்பித்தார்கள். 1990ஆம் ஆண்டுச் சண்டையில் சிதைந்த அதன் ஒரு பகுதி, போர் முடிந்த பின்னர் நெதர்லாந்தின் உதவியுடன் திருத்தப்பட்டது. மதிலின்மேல் நின்றால் கடனீரேரியும், பண்ணைத் தாம்போதியில் மண்டைதீவுப் பக்கம் போகும் பஸ்களும் தெரியும். நான் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இருந்த சுவரைத் தடவிப் பார்த்தா.

“எங்கட குசினிச் சுவர் மாதிரியே கிடக்கு, பிள்ளை. இதைத் திருத்தி வைச்சிருக்கினம். நாங்கள் உடைக்கப் போறம்.”

அவவைப் படமெடுக்கத் திரும்பினேன். “என்னை ஏன் எடுக்கிறாய்? கோட்டையை எடு” என்று விலகிப் போனா.

அன்றிரவு கமராவைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பொருத்தி எல்லாப் படங்களையும் பார்த்தோம். வீட்டைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் படத்துக்குப் படம் அம்மாதான் இருந்தா. பின்விறாந்தையில் திருவலையில் தேங்காய் துருவுகிறா, சுளகில் அரிசி புடைக்கிறா, அயல்வீட்டு அக்காவுடன் முருங்கையிலை ஆய்கிறா, மழைக்கு ஒடியலை அள்ளி உள்ளே வைக்கிறா. காலை ஐந்தரைக்கும் அங்கேதான், இரவு எட்டுக்கும் அங்கேதான். ஹோலில் எடுத்த படங்களில் கதிரைகள் மட்டும் இருந்தன.

வீட்டுக்குள் பெண் செய்யும் வேலை கணக்கில் வருவதில்லை என்று பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். வேலை நிமித்தம் போகும் கிராமங்களிலும் பார்த்திருக்கிறேன். போருக்குப் பின் கட்டிய கல்வீடுகளுக்குள்ளே குசினி இருக்கும். சுவர் கரிபிடிக்கும் என்று பெண்கள் பின்னால் கிடுகுக் கொட்டிலில் குந்தியிருந்து சமைப்பார்கள். அங்கெல்லாம் குறிப்பெடுத்த நான், சொந்த வீட்டில் அதைக் காண ஒரு கமரா வேண்டியிருந்தது.

அப்பா கடைசிப் படம் வரை பேசாமல் இருந்தார். பிறகு, “இஞ்சேருமப்பா, விறாந்தை நிக்கட்டுமோ?” என்று கேட்டார். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மேசன் அண்ணை அடுத்த நாள் வந்தபோதுதான் சொன்னா. விறாந்தை நிற்க வேண்டும், குசினி யன்னல் கிணற்றடியைப் பார்த்து இருக்க வேண்டும், விறகடுப்புக்குப் புகைக்கூடு வேண்டும், மேடை தன் உயரத்துக்கு வேண்டும்.

மேசன் அண்ணை எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில்தான் மேடை கட்டுபவர். அம்மா கட்டை. அவவை நிமிர்ந்து நிற்கவைத்து, மடித்த முழங்கையிலிருந்து நான்கு அங்குலம் கீழே கரிக்கட்டியால் கோடு போட்டோம். அந்த அளவில் வேலை செய்தால் தோளும் நாரியும் நோகாது.

எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லை. பழைய குசினிச் சுவர் ஷெல் விழுந்த காலத்திலேயே வெடித்திருந்தது. சாந்தைச் சுரண்டியதும் கற்கள் கழன்றன. உடைக்கத்தான் வேண்டியிருந்தது. அம்மா ஒரு கல்லை எடுத்துத் துளசி மாடத்தடியில் வைத்திருக்கிறா. மிச்சம் படத்தில்தான் இருக்கிறது.

வீடு திருத்த இருக்கும் சகோதரிகளே, ஒரு கிழமை உங்கள் வீட்டைப் படமெடுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியே போதும். யார், எந்த நேரத்தில், எங்கே நிற்கிறார்கள் என்று கவனித்து, மேசன் வர முன்னர் வீட்டார் எல்லோருக்கும் காட்டுங்கள். நல்லவற்றைக் கடதாசியில் அச்சிட்டுத் திகதி எழுதி, ஒரு பிரதியை உறவினர் வீட்டிலும் வையுங்கள். இழந்தவர்களுக்கு அதன் அவசியம் தெரியும்.

வேலை முடிந்த அன்று கமராவை அம்மாவிடம் கொடுத்து என்னை எடுக்கச் சொன்னேன். படத்தில் என் தலை வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. விறாந்தை முழுதாக விழுந்திருக்கிறது.