மலையை விட்டு இறங்காத மரம்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் கும்மிடிப்பூண்டி, தடா, சூளூர்ப்பேட்டை ஆகிய நிலையங்களைக் கடந்தால் நாயுடுபேட்டை வரும். சென்னைக்கும் இவ்வூருக்கும் சுமார் 110 கிலோமீட்டர் தூரம். பிழைப்பை நாடிக் கொல்கத்தாவுக்கும் டில்லிக்கும் சென்ற நம்மவரில் பலர் இவ்வூரை ரயில் ஜன்னல் வழியாகக் கண்டிருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் சிலரே. ரயில்வே குமாஸ்தாவாகிய நான் இங்கே குடியேறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு என்று எங்கள் குடும்பம் வாழ்ந்து வருகிறது.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சுவர்ணமுகி என்று பெயர். காளத்தியில் கண்ணப்ப நாயனாரின் கதையோடு சேர்த்து நாம் கேள்வியுற்ற பொன்முகலி ஆறு இதுவே. சந்திரகிரியை அடுத்த மலைகளில் பிறந்து, திருப்பதியின் அருகே சென்று, காளத்தியைத் தொட்டு, நாயுடுபேட்டை வழியாக வங்கக் கடலை அடைகிறது. கோடையில் நீரைவிட மணலே மிகுதி. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆற்றின் வழியே நெடுங்காலமாக மலையோடு உறவு கொண்ட ஊர், காகிதத்திலும் அம்மலைக்கு உரியதாயிற்று.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் இரவு, மும்பையில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மகளுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் சென்றும் குழந்தைப்பேறு இல்லை. போகாத கோயில் இல்லை. செய்யாத வேண்டுதல் இல்லை.

"தம்பி, இங்கே ஒரு பெரியவர் மருந்து கொடுக்கிறார். திருப்பதி மலையில் பனைபோல் ஒரு மரம் இருக்கிறதாம். அதன் ஆண்பூவை மாப்பிள்ளைக்குப் பொடி செய்து கொடுத்தால் பலன் நிச்சயம் என்கிறார். கடையில் விற்கும் மதனகாமப்பூ வேண்டாமாம். அந்த மலைப்பூவேதான் வேண்டுமாம். நீ பக்கத்தில்தானே இருக்கிறாய்? உன்னால் முடியாதா?" என்று கேட்டாள்.

தாயில்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அவள். அவள் கேட்டு நான் மறுத்த பொருள் அதுவரை ஒன்றும் இல்லை. "கொண்டு வருகிறேன், அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் காட்டிலாகாவில் காவலராகத் திருமலைப் பக்கம் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் என்னோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது அவர் வழக்கம். அவரிடம் பூவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "அந்த மரத்தைப் பார்க்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். "பேரீதயையா? அனுமதி வாங்கி வைக்கிறேன், வாருங்கள்" என்றார். தெலுங்கில் 'ஈத' என்றால் ஈச்சமரம். பெரிய ஈச்சமரம் என்ற பொருளில் இதைப் 'பேரீத' என்கிறார்கள்.

பங்குனியில் ஒரு நாள் அதிகாலை பேருந்தில் புறப்பட்டேன். காளத்தியைத் தாண்டியதும் மேற்கே சேஷாசல மலைத்தொடர் நீலச் சுவர்போல் எழுந்தது. திருப்பதியில் இறங்கி, அடியார் கூட்டத்தோடு மலைப்பாதைப் பேருந்தில் ஏறித் திருமலையை அடைந்தேன். கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டுக் காவலரோடு காட்டுக்குள் நடந்தேன். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதன் காரணத்தை நேயர்கள் பின்னால் அறிவார்கள்.

காடு என்றதும் பொதிகை மலையின் மழைக்காட்டை எண்ணிக்கொள்ளலாகாது. அங்கே வானளாவிய மரங்களிடையே, பாறை விளிம்புகளில் கொண்டபனை என்னும் மெலிந்த உண்மைப் பனை வளர்கிறது. தென்மேற்கு மலைத்தொடரைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத அதுவும் அருகி வரும் இனமே. நான் கண்ட சரிவோ மழை குறைந்தது. காய்ந்த புல்லும் கற்களும் நிறைந்தது. சில நாட்களுக்கு முன் தீப் பரவிய இடம் என்று காவலர் சொன்னார். தரை முழுவதும் கரி. அந்தக் கரியின் நடுவே, ஆள் உயரம்கூட இல்லாத கறுத்த அடிமரங்களின் உச்சியில் புத்தம் புதிய பச்சை ஓலைகள் வட்டமாக விரிந்திருந்தன. ஈச்சையின் ஓலை போன்ற தோற்றம். ஆனால் ஒவ்வோர் இலைக்கூறும் ஊசிபோல் ஒடுங்கி, ஓரம் பின்புறமாகச் சுருண்டிருந்தது. தீயில் குளித்து எழுந்தவை போல் அவை நின்றன.

பார்வைக்குப் பனையே தவிர, இது பனையினம் அன்று. பனையும் தென்னையும் ஈச்சையும் பூத்துக் காய்ப்பவை. இதற்குப் பூவும் இல்லை, கனியும் இல்லை. விதை மூடியின்றி வெளியே நிற்கும். பைன் மரத்துக்கே இது நெருங்கிய உறவு. சைக்கஸ் என்பது தாவர நூலார் இட்ட பெயர். மண்ணுலகில் பூக்கும் செடிகள் தோன்றுவதற்கு முன்பே இக்குலம் தோன்றிவிட்டது என்பர். ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் தனித்தனி மரங்கள். ஆண் மரத்தின் உச்சியில் பழுப்பு நிறக் கதிர் ஒன்று எழும்பும். நாம் பூ என்று சொல்லுவது அதைத்தான். பெண் மரத்தின் உச்சியிலோ செம்பழுப்பு நிறப் பஞ்சு படிந்த குறுகிய இலைகள் நெருங்கி நிற்கும். அவற்றின் ஓரங்களில் விதைகள் உருவாகும்.

காவலர் ஓர் ஆண் மரத்தைக் காட்டினார். கதிர் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக, பார்க்க அழகாக இருந்தது. என் தோள்பையில் ஒரு துணிப்பையும் சிறு கத்தியும் இருந்தன. அப்போது அவர் நான்கைந்து மரங்களைச் சுட்டிச் சொன்னார்: "இவற்றையும் பாருங்கள். இவை அறுபட்ட மரங்கள். மருந்துக்கென்று இரவில் வந்து கதிரை அறுத்துப் போகிறார்கள். அதோ, கீழே நிற்பது பெண் மரம். கதிரின் தூளை வண்டும் காற்றும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அதற்கு விதை பிடிக்கும். இந்தக் கதிரையும் அறுத்துவிட்டால் அந்தத் தாய் மலடாகத்தான் நிற்கும்."

அவர் மரத்தைப் பற்றித்தான் சொன்னார்; என் அக்கா வீட்டுக் கதை அவருக்குத் தெரியாது. எனக்கோ கண்ணீர் வந்துவிட்டது. ஒரு வீட்டின் குறையைத் தீர்க்க இன்னொரு குடும்பத்தில் குறை வைக்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தேன். பையைத் திறக்காமலே மலை இறங்கினேன்.

வீடு திரும்பியபின் இம்மரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1860 முதல் 1882 வரை சென்னை மாகாணக் காட்டிலாகாவின் தலைவராக இருந்த பெட்டோம் என்னும் ஆங்கிலேயரின் பெயரை, லண்டன் கியூ தோட்டத்தைச் சேர்ந்த திசில்டன் டையர் 1883-இல் இதற்குச் சூட்டினார். அதனால் நூல்களில் இது சைக்கஸ் பெட்டோமி எனப்படுகிறது. உலகத்தில் இது இயற்கையாக வளரும் இடம் ஆந்திரத்தின் திருப்பதி, கடப்பைப் பக்கத்து மலைகளே. தீயைத் தாங்கும் அடிமரம் இதற்கு உண்டு. ஆனால் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் தீ மூண்டால் முளைத்த கன்றுகள் பிழைப்பதில்லை. கதிரை அறுப்போரும், அடிமரத்தின் சோற்றுக்காக வெட்டுவோரும் சேர்ந்து இவ்வினத்தை அருக வைத்துவிட்டார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செடிகளையும் சேர்த்தபோது, முதலில் இடம்பெற்ற ஆறில் இதுவும் ஒன்று. நாடுகளுக்கிடையே வாணிபத்துக்காக இதைக் கொண்டுபோவதைச் சைட்டிஸ் என்னும் உலக உடன்படிக்கை தடுக்கிறது. அறியாமல் நான் அக்கதிரை அறுத்திருந்தால் பாவத்தோடு குற்றமும் சேர்ந்திருக்கும்.

ஆணும் பெண்ணும் வேறாகப் பிறந்த இக்குலத்தில், துணையை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அது நிற்பதும் நம்மவர் வாழும் ஊரிலேதான். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் தமிழர் குடும்பங்கள் அங்கே வேரூன்றின. அந்த நேட்டால் நாட்டின் காட்டில், 1895-இல் மெட்லி வுட் என்னும் தாவர அறிஞர் இக்குலத்தின் தூரத்து உறவான ஒரு மரத்தைக் கண்டார். அது ஆண் மரம். அதற்குப் பெண் துணை இதுவரை எங்கும் கிடைக்கவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் உள்ள அவ்வகை மரங்கள் யாவும் அவ்வோர் ஆணின் பக்கக் கன்றுகளிலிருந்து வந்தவையே. டர்பன் தாவரத் தோட்டத்தில் அதைக் காணலாம். ஆண்டு பல கடந்தும் கதிர் விடுகிறது. விதை மட்டும் இல்லை. நம் மலைமரத்துக்கு அந்தக் கதி இன்னும் நேரவில்லை. நேராமல் காப்பது நம் கையில் இருக்கிறது.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஒரு பூவுக்கு இவ்வளவு நியாயமா? உன் சொந்த ரத்தத்தைவிட அந்த மரம் பெரிதா?" என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். இரண்டு வாரம் பேசவே இல்லை. அந்த இரண்டு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை மறைப்பானேன்?

பின்னர் நானே அழைத்தேன். "அக்கா, இக்குலத்து விதையில் நஞ்சு உண்டு. மலையாளத்தார் ஈந்து என்று சொல்லி இதன் உறவான மரத்து விதையை உண்ணும்போதும், பலமுறை ஊறவைத்துக் கழுவிய பிறகே மாவாக்குகிறார்கள். அளவு தெரியாத பொடியை மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். ஆறு ஆண்டுகளில் நம் பெண்ணை எத்தனை வைத்தியரிடம் அழைத்துப் போனாய்? மாப்பிள்ளை ஒருமுறையாவது சோதனைக்குப் போனாரா?" என்று கேட்டேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. "போகவில்லை. யார் அவரிடம் சொல்வது?" என்றாள். "நான் சொல்கிறேன்" என்றேன், சொல்லவும் செய்தேன். கோபித்துக்கொள்வார் என்று அஞ்சினேன், அவர் கோபிக்கவில்லை. இப்போது இருவருமே முறையான மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வருகிறார்கள். பலன் இன்னும் தெரியவில்லை. அக்கா மறுபடியும் என்னைத் 'தம்பி' என்று அழைக்கிறாள். எனக்கு அதுவே போதும்.

நாம் ஊரை விட்டு வந்தவர்கள். வேறு மண்ணில் வீடு கட்டினோம், வேறு மொழியில் பிழைத்தோம். நம் கால்கள் அதற்கு இசைந்தன. இம்மரத்துக்குக் காலும் இல்லை, போக்கிடமும் இல்லை. அந்த மலை ஒன்றே அதன் நாடு.

திருப்பதி தரிசனத்துக்கு வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைப்பூ, மலைமருந்து என்று எவரேனும் இரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள். வீட்டு வாசலில் வைக்கக் கன்று வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். காட்டோரத்தில் நெருப்புக் குச்சியை எறியாதீர்கள். நடந்து ஏறும்போது சரிவில் ஈச்சைபோல் ஒரு சிறு மரத்தைக் கண்டால், குழந்தைகளுக்குக் காட்டி அதன் பெயரைச் சொல்லுங்கள். பிறகு அதைத் தொடாமல் ஏறிச் செல்லுங்கள்.