தேதி இல்லாத தாத்தா

ஆடி அமாவாசைக்கு எங்க வீட்டுல கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போறது வழக்கம். சிதம்பரத்துல விடியக்காலை பஸ் பிடிச்சுப் போய், எள்ளும் தண்ணியும் இறைச்சுட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடுவோம். தாத்தாவுக்கு மாசியில தனியா திதி உண்டு. இந்த அமாவாசை, முக்கியமா தாத்தாவோட அண்ணனுக்கு. அவர் செத்த தேதியை யாரும் குறிச்சு வைக்கல. தேதி தெரியாதவங்களுக்கு அமாவாசைதானே தேதி!

பெரிய தாத்தா 1942-ல பட்டாளத்துல சேர்ந்தார். தேசபக்தியும் இல்ல, ராஜபக்தியும் இல்ல. இருந்தது ரெண்டு காணி, அதுவும் அடமானத்துல. பர்மாவை ஜப்பான்காரன் பிடிச்சதும் அங்கேர்ந்து வர்ற அரிசி நின்னு, விலை ஏறிப் போச்சு. பட்டாளத்துல சோறும் சம்பளமும் நிச்சயம். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

அவரைச் சேர்த்தது பயனியர் கோர்ல. ரோடு போடுறது, விமானத்தளத்துக்கு மண் சமன் பண்றது, மூட்டை இறக்குறது இதெல்லாம் அவங்க வேலை. ஊர்ல கிண்டல் பண்ணுவாங்களாம், "அவன் சண்டைக்கா போனான், மண்ணு வெட்டல்ல போனான்"னு. 1944-ல தந்தி வந்தப்புறமும் அந்தப் பேச்சு நிக்கல.

பெரிய ஆயா மட்டும் தந்தியை நம்பல. பொணத்தைப் பாக்காம தாலியைக் கழட்ட மாட்டேன்னுட்டாங்க. சாகுற வரைக்கும் கழட்டல. அவங்களுக்கு ஒரே கவலை: "காட்டுல நரி இழுத்துட்டுப் போச்சோ என்னவோ, யாரு கொள்ளி வெச்சாங்களோ..."

போன வருஷம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையப் பதிவேட்டுல தேடினேன். ரெண்டு உலகப் போர்லயும் செத்த பதினேழு லட்சம் பேர் அதுல இருக்காங்க. பேரை நேரா போட்டா கிடைக்கல. இங்கிலீஷ்ல நம்ம பேரை எப்படி எழுதியிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? கடலூர்னு போட்டாலும் வரல. அப்புறம்தான் உறைச்சுது, அப்ப நம்ம ஊரு தென்னாற்காடு ஜில்லா! 'சவுத் ஆற்காடு'ன்னு போட்டதும் வரிசையா வந்துச்சு. இன்னாரோட மகன், இன்னாளோட புருஷன், சிதம்பரம், சவுத் ஆற்காடு... எத்தனை பேரு! கொஞ்ச நேரம் நான் வந்த வேலையே மறந்துட்டேன்.

அவரும் இருந்தார். ஒரே வரிதான். ஜூன் 1944, தேதியோட. பெரிய ஆயா பேரைக்கூடத் தப்பில்லாம எழுதியிருந்தாங்க. பேர் பொறிச்சிருக்கிற இடம், இம்பால் தகன நினைவுச் சின்னம்.

அது கல்லறை இல்லீங்க. இம்பால் பக்கம் செத்து, அவங்க மத முறைப்படி எரியூட்டப்பட்ட 868 இந்து, சீக்கிய சிப்பாய்களோட பேர் அங்க இருக்கு. மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும் அங்க நடந்த சண்டையில ஜப்பான் படை தோத்துப் பின்வாங்குச்சு. அந்த மழைச் சேத்துல ரோட்டைக் காப்பாத்தினதும் இந்த 'மண்ணு வெட்டினவங்க'தான்.

அதே 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி, இத்தாலியில மின்யானோங்கிற இடத்துல, மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன் வெடிக்கப் போன கண்ணிவெடி மேல படுத்துக் கூட இருந்தவங்களைக் காப்பாத்தி உயிர் விட்டார். காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. அவரையே நமக்குச் சரியாத் தெரியாது. எங்க பெரிய தாத்தாவை யாரு தேடப் போறா?

அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். தேதி கிடைச்சுடுச்சு, இனிமே அந்தத் திதியிலேயே குடுத்துடலாமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "எரிச்சிருக்காங்கன்னா எவனோ ஒருத்தன் கொள்ளி வெச்சிருக்கான்ல? இது தெரியாமலே பெரியம்மா போய்ட்டாங்களேடா"ன்னார்.

இந்த வருஷம் ஜூன்லயும் குடுத்தோம். ஆடி அமாவாசையை விடல. "அந்தக் கொள்ளி வெச்சவனுக்கும் சேர்த்து ஒரு பிடி எள்ளு போடு"ன்னார் அப்பா. பேர் தெரியாது, சாதி தெரியாது. போட்டேன்.

உங்க வீட்டுலயும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் யாராச்சும் இருந்தா தேடிப் பாருங்க. பழைய ஜில்லா பேரைப் போட மறந்துடாதீங்க.