இருமுறை எண்ணிய மண்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, இலக்கணப் பொருளொன்றைப் பற்றியே எழுத எண்ணியிருந்தோம். சென்ற விடுமுறையில் எம்மை நாடிவந்த பழைய மாணவர் ஒருவர் அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டார். தமிழாசிரியராகிய நாம் குழாய்க் கிடங்குகளைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு அவரே காரணர். அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

அவர் இன்று பொறியியலாளர். நீர்க்குழாய், கழிவுநீர்க்குழாய் ஆகியவற்றின் வேலைகளைக் கணினியில் வரைந்து அளவிடுபவர். தம்மிடம் பயிலும் படவரைஞர்களுக்காகத் தமிழிற் குறிப்பொன்று எழுதியிருந்தார். அதனைத் திருத்தித் தருமாறு வேண்டியே வந்தார். குழாய் பதிக்க வெட்டுவதற்கு அவர் 'அகழி' என்று எழுதியிருந்தார். "வேலையாட்கள் எவ்வாறு சொல்வர், தம்பி?" என்றோம். "கிடங்கு என்பர், ஐயா" என்றார். அகழிக்குப் பழைய நூல்கள் வழங்கும் பெயர்களுள் கிடங்கும் ஒன்றென்று கூறி, அச்சொல்லையே அமைக்கச் செய்தோம். அவர் மகிழ்ந்தார். நாமோ, எமது பணி அவ்வளவில் முடிந்ததென எண்ணினோம்.

ஆனால், பொருள் விளங்காது மொழியைத் திருத்துதல் எவ்வாறு? ஆகவே அவர் தம் மடிக்கணினியைத் திறந்து, சிவில் 3டி என்னும் மென்பொருளைக் காட்டி விளக்கலானார்.

அளவையாளர் நிலத்திற் பல புள்ளிகளின் உயரத்தை அளந்து தருவர். கணினி அப்புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து நிலத்தின் மேற்பரப்பை ஆக்கும். எப்புள்ளியை எதனோடு இணைப்பதென்பதற்கு 1934 இல் உருசியக் கணித அறிஞர் போரிசு தெலோனே வெளியிட்ட முறை துணைசெய்கின்றது. பின்னர், குழாய் செல்லும் வழியையும் அதன் ஆழத்தையும் கிடங்கின் குறுக்குவெட்டையும் கொடுத்தால், வெட்டப்படும் கிடங்கும் ஒரு மேற்பரப்பாக எழும். நிலத்தின் பரப்புக்கும் கிடங்கின் பரப்புக்கும் இடைப்பட்டதே வெட்டவேண்டிய மண். இம்மேற்பரப்பு ஓரிடத்துக்கு ஓருயரத்தையே ஏற்குமாதலால், செங்குத்தான சுவரையும் மயிரிழை சரித்தே வரைவர்.

இடர் தோன்றுவது கிடங்குகள் இரண்டு சந்திக்கும் இடத்திலாம். ஒரு மீற்றர் அகலமும் 2.5 மீற்றர் ஆழமும் உள்ள கிடங்கை, அதே அகலமும் 1.5 மீற்றர் ஆழமும் உள்ள கிளைக்கிடங்கு செங்குத்தாகக் குறுக்கிடுகின்றது என்க. சந்தியிலுள்ள 1.5 கனமீற்றர் மண் இரண்டுக்கும் பொது. ஒவ்வொன்றையும் தனித்தனி கணித்துக் கூட்டினால் அம்மண் இருமுறை எண்ணப்படும். நூறு சந்திகளில் அது 150 கனமீற்றர் ஆகும். ஒரே வீதியில் அருகருகே செல்லும் குழாய்களாயின், பிழை வீதியின் நீளம் முழுவதும் தொடரும். ஆறில்லாக் குடாநாட்டிலே, சுண்ணாம்புக் கற்பாறையை உடைத்துக் குழாய் பதிக்கும் ஊர்களில், கனமீற்றர் ஒவ்வொன்றும் பணமன்றோ! கணினியோ ஒரு சொல்லும் முறையிடாது. கூட்டச் சொன்னதைக் கூட்டித் தந்துவிடும்.

ஆதலின், கிடங்குப் பரப்புகளையெல்லாம் முதலில் ஒன்றாக்கி, அவ்வொன்றையே நிலத்தோடு ஒப்பிடவேண்டும். புதிய பரப்பொன்றில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவர். பின்னர் ஒட்டியது முன்னதை மறைக்கும். ஆழமான கிடங்கை முன்னும் ஆழங்குறைந்ததைப் பின்னும் ஒட்டினால், சந்தியில் ஆழ்ந்த கிடங்கு தூர்ந்ததுபோலாகும். முறையை மாற்றினாலும், சுவர்கள் சரிந்தவையாயின், ஆழ்ந்த கிடங்கின் சரிவு மற்றையதன் அடித்தளத்தின்மீது மேடாக எழும். எனவே, இரண்டின் உயர வேறுபாட்டையும் ஒரு பரப்பாக்கி, வேறுபாடு பூச்சியமாகும் கோட்டைக் கண்டு, அதனையே எல்லையாக வைத்து, எவ்விடத்தும் தாழ்ந்த பரப்பே நிலைக்குமாறு செய்வர். அப்பொழுதுதான் பொதுமண் ஒருமுறை மட்டும் எண்ணப்படும்.

"இதனை எவரிடம் கற்றீர், தம்பி?" என்றோம். "என் பிழையிடம், ஐயா" என்றார். முதல் உத்தியோகத்தில் அவரும் தனித்தனி கணித்துக் கூட்டிக் கொடுத்தாராம். மேலதிகாரி ஒப்பமிட்டுவிட்டார், எவரும் கண்டிலர். மறுநாள் தாமே கண்டு, தாமே சென்று சொன்னாராம். "நன்றாக ஏச்சு வாங்கினேன். ஆனால் அன்றிரவு உறங்கினேன்" என்று சிரித்தார்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. 17 ஆண்டுகளுக்கு முன், பயிற்சிக் கலாசாலையிலிருந்து வந்த புதிதில், தமிழ்ப் பரிசுக்குரிய விடைத்தாள்களை நாமே திருத்தினோம். ஒருவர் 71 புள்ளியும் மற்றொருவர் 68 புள்ளியும் பெற்றனர். பரிசளிப்பு விழாவும் நடந்தேறியது. இரு கிழமைகளின் பின் தாள்களை அடுக்கி வைக்கையில், முதல்வரின் விடையொன்று ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில் முடிந்திருக்கக் கண்டோம். அவ்விடைக்குரிய 6 புள்ளிகளை இரு பக்கத்திலும் இட்டு, இருமுறை கூட்டியிருந்தோம். அவர்க்கு உரியவை 65 புள்ளிகளே. கொடுத்த பரிசை எவ்வாறு மீட்பதென்றும், அதிபர் என்ன நினைப்பாரென்றும் அஞ்சி, தாள்களைக் கட்டி வைத்துவிட்டோம். அந்த 68 புள்ளிக்குரியவரே எம்முன் அமர்ந்து, கிடங்குக்குத் தமிழ் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று அவரிடம் அதனைச் சொன்னோம். அவர் சற்றுநேரம் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "அப்பரிசு நூலை நான் மிகவும் விரும்பியிருந்தேன், ஐயா" என்றார். வேறொன்றும் கூறிலர். சிறிது பொழுதின் பின், தம் குறிப்பின் அடுத்த பக்கத்தைத் திருப்பி எம்மிடம் நீட்டினார். மாலை விளக்கேற்றும்வரை இருவருமாக அதனைத் திருத்தி முடித்தோம்.

பரிசு பெற்றவரிடத்தில் யாதொரு குற்றமும் இல்லை, பிழை எமதே. இக்கல்லூரியின் பரிசுப் பதிவேட்டில் அவ்வாண்டுக்குரிய தமிழ்ப் பரிசு இருவர்க்கும் உரியதெனக் குறிக்குமாறு அதிபரவர்களுக்கு எழுதியுள்ளோம். பரிசு நூலை எமது செலவில் வாங்கி அவரிடம் சேர்ப்பித்தும்விட்டோம். காலந்தாழ்த்திய கணக்கே, ஆயினும் இனியாவது கணக்குச் சரியாக இருக்கட்டும்.

எம்மிடம் பயிலும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் விடைத்தாள் கைக்கு வந்ததும் புள்ளிகளை நீங்களும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கூடுதலாக இருப்பினும் குறைவாக இருப்பினும் எம்மிடம் வந்து சொல்லுங்கள். நாம் கோபிக்கமாட்டோம்.